லூக்காவின் மூன்றாம் அறை

சேசு மரி சூசை

பழவேற்காடு ஏரிக் குப்பம்,
ஜனவரி 19

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

உன் நைனா மாசிலாமணி உயிரோடும் வழக்கமான முன்கோபத்தோடும் இருந்து எழுதுவது. உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்து வாசிக்கும் மதர் அவர்களுக்கும் என் தோத்திரம். கன்னியாஸ்திரி ஆகப் பழகும் நவகன்னியர் மடத்தில் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான், அதையும் மதர் படித்த பிறகே கையில் தருவார்கள் என்று எழுதியிருந்தாய். அதுவும் நல்லதுதான். என் கையெழுத்தைப் படிக்க இரண்டு பேர் வேண்டும்.

ஏற்காட்டில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன். அம்மாவின் சிவப்புச் சால்வையை நீ எடுத்துப் போகவில்லை. பெட்டியில் அப்படியே இருக்கிறது. தபாலில் அனுப்பலாமா, மடத்தில் சிவப்பு நிறத்துக்கு அனுமதி உண்டா என்று கேட்டு எழுது.

கிறிஸ்துமஸுக்குக் கோவிலில் குடில் வைத்தார்கள். நீ இல்லாததால் விளக்குச் சரத்தை யாரோ தாறுமாறாகக் கட்டிவிட்டார்கள். மாட்டுத் தொழுவம் இருட்டிலும் ஏரோதின் அரண்மனை வெளிச்சத்திலும் இருந்தது. பொங்கலுக்கு, நம் படகில் இறாலுக்கு வரும் கஸ்தூரி ஒரு தூக்கு நிறையப் பொங்கல் கொடுத்தனுப்பினாள். இரண்டு நாள் வந்தது. உலையில் நான் இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போடுகிறேன். கை பழகிவிட்டது. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாள் சாப்பிடுகிறேன்.

இப்போது படகு விஷயம். நீ வேலை பார்த்த தொண்டு நிறுவனம் இந்த மின்படகைக் குப்பத்துக்குக் கொடுத்து நாலு வருடம் ஆகிறது. தினமும் காலை ஆறு மணிக்கு, கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் பதினொரு பேரைக் கிழக்குத் திட்டில் இறக்கிவிடுகிறேன். மதியம் போய் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டு ஏலத்துறையில் சேர்க்கிறேன். இரண்டு நடைக்கும் ஒரு சார்ஜ் தாராளமாகப் போதும். இப்போது அப்படியில்லை. இரண்டாம் நடையில், கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரியும்போதே படகு சோர்ந்துவிடுகிறது. கைப்பிடியை முழுக்கத் திருகினாலும் மாட்டு வண்டி மாதிரி ஊர்கிறது. நாலு பேட்டரியில் யாரோ ஒருவருக்கு வயதாகிவிட்டது. யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

நீ வெள்ளை பெயிண்டில் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போன மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நாலு பேரையும் தினமும் பலகையைத் தூக்கிப் பார்க்கிறேன். எனக்கு யோவான் மேல்தான் சந்தேகம். அவன் வயிறு கொஞ்சம் உப்பியிருக்கிறது. (சுவிசேஷகரை அவன் இவன் என்பதை மதர் மன்னிக்க வேண்டும். நான் சொல்வது பேட்டரியை.) நீ விட்டுப்போன நோட்டில் எழுதியிருந்தபடி சார்ஜ் ஏற்றி, அரை மணி நேரம் ஆறவிட்டு மீட்டர் வைத்தேன். நாலு பேருக்கும் பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட். எல்லாரும் நலம் என்றால் படகுக்கு ஏன் நலமில்லை?

குப்பத்துத் தலைவர் சுப்பராயலு, இதைக் கழட்டிப் போட்டுட்டு டீசல் இன்ஜினை மாட்டிரலாம்னு பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனாலும் உன்னிடம் மறைக்கவில்லை, டீசலுக்கு ஒரு சவுகரியம் உண்டு. காதை அடைக்கும். இந்தப் படகில் சத்தமே இல்லை. பெண்களைத் திட்டில் இறக்கிவிட்டு நான் மட்டும் திரும்பும் முக்கால் மணி நேரம் இருக்கிறதே, அதில் தண்ணீர் பலகையைத் தட்டுவதைத் தவிர வேறு சத்தம் கிடையாது. எனக்கு அப்போது உன் ஞாபகம்தான்.

மதர் கேட்டிருந்த கடிதம் பற்றி. செப்டம்பர் எட்டாம் தேதி நீ முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆவதற்குப் பெற்றவர் முழு மனதோடு சம்மதிப்பதாக எழுதித் தரவேண்டும், அது இல்லாமல் யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை, அதுதான் தங்கள் மடத்து வழக்கம் என்று மதர் எழுதியிருந்தார்கள். எழுதுகிறேன். செப்டம்பருக்கு இன்னும் நாள் கிடக்கிறது. முதலில் பேட்டரியைப் பார்ப்போம்.

உன் நைனா,
மாசிலாமணி


மார்ச் 10

அன்பு ஜெசிந்தா,

தபசுகாலம் நடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதைக்குப் போகிறேன். மீன் பிடிக்கும் ஊரில் மீன் சாப்பிடுவதை ஒறுத்தல் என்று எப்படிச் சொல்வது? அதனால் வெள்ளிக்கிழமை ரசம் மட்டும்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். முகத்தைப் பார்த்து நோயைச் சொல்லாதீர்கள், முதலில் டெர்மினலைச் சுத்தம் செய்யுங்கள் என்று எழுதியிருந்தாய். செய்தேன். உப்புக் காற்றில் நாலு பேருக்கும் காதோரம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சோடா உப்பு போட்ட வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவினேன். ஒரு வாரம் படகு குதிரை மாதிரி ஓடியது. என் மகள் மலை மேல் இருந்துகொண்டே வைத்தியம் பார்க்கிறாள் என்று கோவில் வாசலில் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். எட்டாம் நாள் பழைய கதை திரும்பியது.

அதற்குப் பிறகு உன் பேச்சைக் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். யோவானைக் கழற்றி ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பொன்னேரிக்குக் கொண்டுபோனேன். ஐம்பது கிலோ. ஆட்டோக்காரர் அவனுக்கும் ஒரு ஆள் கட்டணம் வாங்கிக்கொண்டார். பேட்டரிக் கடைக்காரர் ஏதோ ஒரு கருவியை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, இவன் நல்லாத்தான் கீறான் பெரியவரே, வேற எவனோ இவன் மேல ஏறிக்கினு கீறான்னு சொன்னார். இரண்டு நாள் பெண்களுக்கு வேலை கெட்டதுதான் மிச்சம்.

இனி எழுதப் போவதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நீ பயப்படக் கூடாது, யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை.

போன வெள்ளிக்கிழமை மதியம் பெண்களை ஏற்றிக்கொண்டு வரும்போது, முகத்துவாரத்துக்கு நேராக வந்ததும் மோட்டார் நின்றுவிட்டது. இழுத்து இழுத்து நிற்கவில்லை. ஒரேயடியாக நின்றது. ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம். படகு தானாகவே முகத்துவாரம் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. துடுப்பு ஒன்றுதான் இருந்தது, அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. கஸ்தூரிதான் முதலில் குதித்தாள். இடுப்பளவுத் தண்ணீர். ஏரியின் ஆழத்தை அந்தப் பெண்களைவிட யார் அறிவார்கள்? அவள் குதித்ததும் மற்றவர்களும் இறங்கினார்கள். இறால் போடும் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, பதினொரு பேரும் படகைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஒன்றரை மணி நேரம். நானும் இறங்கித் தள்ளினேன்.

கரைக்கு வந்த பிறகுதான் கஸ்தூரியின் பாதத்தைப் பார்த்தோம். ஆளிச் சிப்பி கிழித்து, தண்ணீரில் தெரியாமல் ரத்தம் போயிருக்கிறது. பழவேற்காடு ஆஸ்பத்திரியில் ஏழு தையல். ஒரு மாதம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். தண்ணீரில் இறங்காமல் அவள் எப்படிச் சோறு தின்பாள்? அவளைக் கேட்டால், இன்னாண்ணே இதுக்குப் போயி, கல்லு மாதிரி உக்காந்துட்டியேன்னு என்னைத் தேற்றுகிறாள். சுப்பராயலு வந்து விசாரித்தபோது, சேத்துல மாட்டிக்கிச்சி, நாங்கதான் தள்ளினு வந்தோம்னு பொய் சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யை என்னால் தாங்க முடியவில்லை.

நீ இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இதை நான் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன், அடித்து அழிக்க மனமில்லை.

மதருக்குத் தரவேண்டிய கடிதத்தை ஈஸ்டர் முடிந்ததும் எழுதுகிறேன்.

உன் நைனா


மே 4

ஜெசிந்தா கண்ணு,

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஏரி ஓரமெல்லாம் வற்றி உப்புப் பூத்துக் கிடக்கிறது. பூநாரைகள் போய்விட்டன. போகிறபோது ஒரு வார்த்தை சொல்லிவிட்டா போகின்றன.

நீ எழுதிய வழிதான் சரி. ஓய்வில் இருக்கும் பேட்டரி எல்லாமே நலம் என்றுதான் சொல்லும், வேலை கொடுத்துப் பாருங்கள், அப்போதுதான் யார் கஷ்டப்படுகிறார்கள் என்று தெரியும் என்று எழுதியிருந்தாய். நாலு வரியில் எவ்வளவு பெரிய விஷயம். நாலு வருடமாக மீட்டர் வைத்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. நீ பக்கத்திலேயே இருந்ததால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வரவில்லை.

படகைத் துறைக் கம்பத்தில் முன்னும் பின்னும் இறுகக் கட்டினேன். கைப்பிடியைத் திருகிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே? கஸ்தூரி, புண் பழுத்து இன்னும் கட்டுப் போட்டிருக்கும் காலை நீட்டிக்கொண்டு பின்பலகையில் உட்கார்ந்து பிடித்தாள். மோட்டார் முழு வேகத்தில் சுற்றுகிறது, படகு எங்கேயும் போக முடியாமல் கயிற்றை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. நான் குனிந்து ஒவ்வொருவராக மீட்டர் வைத்தேன். மத்தேயு பன்னிரண்டு புள்ளி ஒன்று. மாற்கு பன்னிரண்டு புள்ளி ஒன்று. யோவான் பன்னிரண்டு. லூக்கா ஒன்பது புள்ளி நாலு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டுக்கு இறங்கினான். மோட்டாரை நிறுத்தியதும் ஒன்றுமே நடக்காதது போல மெல்ல மேலே ஏறிப் பன்னிரண்டைத் தாண்டி நின்றான்.

நம் லூக்கா! நாலு பேரில் பார்க்க அழகாக, துடைத்து வைத்த மாதிரி இருப்பவன். வேதத்தில் வைத்தியராக இருந்தவர் பெயர் வேறு. இத்தனை நாளும் மற்ற மூவரும் அவனையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார்கள். நான் யோவானைப் போட்டு அலைக்கழித்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரிக்காதே, நான் இப்போதெல்லாம் அவர்களோடு பேசுகிறேன். வேறு யாரோடு பேசுவது?

பிறகு நீ சொன்னபடி லூக்காவின் ஆறு மூடியையும் திறந்து, அமிலத்தின் வலுவைக் காட்டும் கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு அறையிலிருந்தும் உறிஞ்சிப் பார்த்தேன். ஐந்து அறையில் குழாய்க்குள் இருக்கும் மிதவை பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. மூன்றாம் அறையில் மட்டும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த அறையின் தண்ணீர் கலங்கி, பழுப்பாக, அடியில் சேறு மாதிரி இருக்கிறது. மற்ற அறைகளில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது.

ஒரு அறை மட்டும் ஏன் இப்படி ஆனது என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. வழக்கமாக ஊற்றும் பேட்டரித் தண்ணீர்தான் ஊற்றினேன். வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

மதர் மூன்றாவது முறையாகச் சம்மதக் கடிதத்தை நினைவூட்டியிருக்கிறார்கள். கையில் சுளுக்கு இருப்பதால் எழுத முடியவில்லை என்று அவர்களிடம் சொல். இந்த இரண்டு பக்கத்தையும் எந்தக் கையால் எழுதினேன் என்று அவர்கள் கேட்டால் உன் பாடு.

நைனா


ஜூன் 22

மகளே,

இந்த முறை உன் கடிதத்தில் மூன்றே வரி. "நைனா, மூன்றாம் அறையில் என்ன ஊற்றினீர்கள்? உண்மையை எழுதுங்கள். நான் நலம்." அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் சுற்றினேன். வியர்வையில் மை கலைந்து, கேள்வி மட்டும் தெளிவாக இருக்கிறது.

உண்மையை எழுதுகிறேன். மதர் இதைப் படித்துவிட்டு உன்னிடம் கொடுக்காமல் விட்டாலும் எனக்கு வருத்தமில்லை. எப்படியும் ஒருவரிடம் சொன்னதாகும்.

போன செப்டம்பரில் உன்னைச் சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் முறை வந்தது. ஒவ்வொரு மூடியாகத் திறந்து ஊற்றிக்கொண்டு வந்தேன். மத்தேயு முடிந்தது, மாற்கு முடிந்தது, லூக்காவின் இரண்டாம் அறையோடு டப்பா காலியாகிவிட்டது. மூன்றாம் அறையில் தகடு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. பழவேற்காட்டுக் கடையில் புது டப்பா கிடைக்கும். மறுநாள் வாங்கி ஊற்றியிருக்கலாம். மீதி அறைகளுக்கு அப்படித்தான் வாங்கி ஊற்றினேன்.

ஆனால் அன்றைக்கு வீட்டுக்குள் போனேன். மாடத்தில் வேளாங்கண்ணித் தீர்த்தப் பாட்டில் இருந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது நீ போய் வாங்கி வந்தாயே, அது. செசிலியாவின் கடைசி நாளில் நீ அதைத்தான் பஞ்சில் தொட்டு அவள் உதட்டில் வைத்தாய். அதில் பாதி மிச்சம் இருந்தது. எடுத்து வந்து மூன்றாம் அறையில் ஊற்றினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது என்று நீ நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். சாமியார் தீர்த்தம் மந்திரிக்கும்போது உப்புப் போடுவார் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். பேட்டரிக்கு உப்பு விஷம் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்துதான் ஊற்றினேன். யோவான் மேல் பழி போட்டதும் இதை மறைக்கத்தான். ஊற்றும்போது ஒரு வேண்டுதலும் வைத்தேன். மாதாவே, இந்தப் படகு கெட்டால் அவள் வந்துதான் பார்க்க வேண்டும், எப்படியாவது அவளைத் திருப்பி அனுப்பிவிடு என்று வேண்டினேன்.

மாதா பாதியைக் கேட்டுக்கொண்டாள். படகு கெட்டது. நீ வரவில்லை.

முகத்துவாரத்தில் கஸ்தூரி தண்ணீரில் குதித்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை என்று எழுதினேனே, அது பயத்தால் இல்லை. என் வேண்டுதல் பலிக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பதினொரு பெண்கள், பதினொரு வீடு. நீர் இன்னும் கொஞ்சம் வேகமாக இழுத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், எழுதவும் எனக்கு முகம் இருந்திருக்காது.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். எனக்கு அது போதவில்லை. கஸ்தூரி வீட்டுக்குப் போய் அவளிடமும் சொன்னேன். அவள் வலையில் கிடந்த நண்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். பிரித்ததைக் கூடையில் போட்டாள். கடைசியில், அடுத்த தபா புள்ள வரணும்னு வேண்டிக்கினா கோயில்ல வேண்டிக்கோண்ணே, எங்க உசுரு மேல வேண்டிக்காதேன்னு சொன்னாள். பிறகு இரண்டு நண்டு எடுத்துக் கொடுத்து, கொழம்பு வச்சித் துன்னுன்னாள். வாங்கிக்கொண்டு வந்தேன். சாப்பிட முடியவில்லை.

நீ மடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன நாளில் நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சந்தோஷம், போய் வா என்றேன். எல்லாரும் மாசிலாமணிக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். நான் ஓய்வில் காட்டிய அளவு அது. நீ போன பிறகு என் நிலைமை என்ன என்று உனக்கு எழுதியதே இல்லை. இப்போது எழுதுகிறேன். எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, ஜெசிந்தா. சாகப் பயமில்லை, சாயங்காலம் வீட்டுக்குள் நுழையத்தான் பயம்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லக்கூடிய யோக்கியதை எனக்கு இல்லை.

நைனா


ஆகஸ்ட் 15
மாதா விண்ணேற்புத் திருநாள்

என் அன்பு மகளுக்கு,

காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, கால்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் படகு. லூக்காவுக்குப் பதிலாகப் புது பேட்டரி வாங்கிப் போடாதீர்கள், புதியவனைப் பழைய மூவரோடு கட்டினால் அவனும் சீக்கிரம் கெடுவான், இவர்களோடு ஒன்றாக வேலைக்கு வந்த, ஒன்றாக வயதான ஒருவனைத் தேடுங்கள் என்று எழுதியிருந்தாய். சுண்ணாம்புக்குளத்தில் நம் படகோடு சேர்ந்து வந்த இன்னொரு படகு, அடிப்பலகை உடைந்து கரையில் கிடக்கிறது. சுப்பராயலுவிடம் போய் நின்றேன். அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுதினால் மதர் கடிதத்தைக் கிழித்துவிடுவார்கள். திட்டி முடித்துவிட்டு, தானே என்னோடு வந்து அந்த ஊர்த் தலைவரிடம் பேசி ஒரு பேட்டரியை வாங்கிக் கொடுத்தார். அதையும் கம்பத்தில் கட்டி, மோட்டாரை ஓடவிட்டு, வேலை கொடுத்துப் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு புள்ளி பூஜ்யம். மூவருக்கும் பொருத்தமான ஆள்.

பெயர் எழுதும்போது ஒரு தகராறு. நான் லூக்கா என்றே எழுதப் போனேன். கஸ்தூரி விடவில்லை. காலு கிழிஞ்சது எனக்கு, பேரு மட்டும் அவருக்கான்னு கேட்டாள். அதனால் இப்போது நம் படகில் மத்தேயு, மாற்கு, கஸ்தூரி, யோவான். மதர் இதை ஆயரிடம் சொல்லாமல் இருந்தால் போதும். அவள் காலும் ஒருவழியாக ஆறிவிட்டது. பத்து நாளாகத் திட்டுக்கு வருகிறாள். இரண்டு நடையும் முடித்துத் துறைக்கு வந்து பார்த்தால் இன்னும் கால்வாசி சார்ஜ் மிச்சம் இருக்கிறது.

பழைய லூக்காவைப் பொன்னேரிக் கடையில் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் மூன்றாம் அறையின் மூடியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அது மாடத்தில், காலிப் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இனி உன் கடிதம். நீ எனக்கு எழுதியதிலேயே அதுதான் நீளமானது. என் கடிதத்தைப் படித்த மதர் அதை உன்னிடம் கொடுத்து, ஜெசிந்தா, நீ வீட்டுக்குப் போய் வரலாம், போய்விட்டுத் திரும்பி வராமலும் இருக்கலாம், யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டோம் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நீ சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு அழுதாய், வெங்காயத்தால்தான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். பெட்டியைக்கூட ஒரு முறை கட்டினாய். மூன்று நாள் யோசித்த பிறகு, நைனா, என்னால் முடியவில்லை என்றுதான் நினைத்தேன், ஆனாலும் நான் இங்கேதான் இருக்க விரும்புகிறேன், உங்களை விட்டு இருப்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று எழுதினாய்.

இந்தப் பதினொரு மாதத்தில் நீ முதல் முறையாக நலம் என்று எழுதாத கடிதம் இது. நான் உன் மேல் ஏற்றக்கூடிய பாரம் முழுவதையும் ஏற்றிவிட்டேன். நீ இறங்கவில்லை. எனக்காக மூன்று நாள் யோசித்திருக்கிறாய். அந்த மூன்று நாள் எனக்குப் போதும்.

அதனால் மதர் கேட்ட கடிதத்தை இதிலேயே எழுதிவிடுகிறேன். தனித்தாளில் வேண்டுமென்றால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

பழவேற்காடு ஏரிக் குப்பத்தைச் சேர்ந்த மாசிலாமணியாகிய நான், என் மகள் ஜெசிந்தா வருகிற செப்டம்பர் எட்டாம் தேதி தன் முதல் வார்த்தைப்பாட்டைக் கொடுப்பதற்கு, அவளுடைய தாய் காலஞ்சென்ற செசிலியாவின் பேராலும் என் பேராலும் சம்மதிக்கிறேன். முழு மனதோடு என்று எழுதச் சொல்லியிருந்தீர்கள். மனதில் ஒரு அறை இன்னும் கலங்கித்தான் இருக்கிறது. மீதி எல்லா அறையாலும் சம்மதிக்கிறேன். அது போதாது என்றால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள், திருத்தி எழுதித் தருகிறேன்.

மகளே, எட்டாம் தேதி காலை நான் அங்கே இருப்பேன். அன்றைக்குப் படகுக் கைப்பிடியைக் கஸ்தூரி பிடிப்பாள். ஒரு வாரமாகப் பழக்கியிருக்கிறேன், என்னைவிட நேராக ஓட்டுகிறாள். அம்மாவின் சால்வையைக் கையில் கொண்டு வருகிறேன், சிவப்பு கூடாது என்றால் உள்ளே போட்டுக்கொள். முந்தாநாளிலிருந்து உலையில் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போடுகிறேன். முதல் நாள் குழைந்துவிட்டது. நேற்றுப் பதமாக வந்தது.

மதர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை நீங்கள் படித்தால் போதும், அவளுக்குக் காட்ட வேண்டும் என்றில்லை. அவள் நலம் என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். அவள் அம்மாவும் கடைசி வாரம் வரை நலம் என்றுதான் சொன்னாள். நானும் அப்படிச் சொல்கிறவன்தான், எங்கள் வீட்டு வழக்கம் அது. அவள் சும்மா இருக்கும்போது பார்க்காதீர்கள். கை நிறைய வேலை இருக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, பக்கத்தில் போய் ஒரு நிமிடம் முகத்தைப் பாருங்கள். அவள் பிறந்த நாளிலிருந்து அந்த வேலை என்னுடையதாக இருந்தது. இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெசிந்தா, இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன். கண்ணை மூடிக்கொள்.

உன் நைனா,
மாசிலாமணி